ஆறெழுத்து வசவு

ஜனவரி 3, சனி

எண்ணெய் கம்பெனிக்காரர் எங்கள் பண்டகசாலைக்குக் கொடுத்த டைரி இது. போன வருஷத்து டைரியில் ஜனவரி ஐந்தோடு நின்றுவிட்டேன். இந்த வருஷம் ஆறு வரைக்கும் போனால் அதுவே முன்னேற்றம்.

காலையில் ஐயம்பெருமாள் ஐயா போன் செய்தார். பட்டிமன்ற நடுவர். பதினெட்டு வருஷமாக அவர் குழுவில்தான் பேசுகிறேன். நோட்டீசில் 'சிரிப்புச் சுரங்கம் ஆவுடைநாயகி' என்று போடுவார்கள். மற்ற நாளெல்லாம் இந்தச் சுரங்கம் பாளையங்கோட்டைக் கூட்டுறவுப் பண்டகசாலையில் துவரம்பருப்புக்கு பில் போடுகிறது.

"ஆவுட, முப்பத்தோராந் தேதி ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. தலைப்பு, பிள்ளைகளின் அறிவை வளர்ப்பது விளையாட்டு மைதானமா, வீடியோ கேமா?"

"எனக்கு மைதானந்தானய்யா?"

"இல்லம்மா, கேமு. அதுல பேச இருந்த மகாராஜனுக்கு மஞ்சக்காமால."

எந்தத் தலைப்பானாலும் 'அந்தக் காலம்தான் நல்லது' என்கிற பக்கம்தான் எனக்கு. செல்போனால் குடும்பம் கெட்டது என்று பேசுவதற்கான வாய்ப்பையே செல்போனில்தான் வாங்குவேன். இப்போது வீடியோ கேமுக்கு வக்கீல்! அதைவிடப் பெரிய இடி, அது தர்ஷினி படிக்கிற பள்ளிக்கூடம்.

டைரிக்கு எதற்கு ஆள் அறிமுகம் என்று கேட்கலாம். அவையோரை விளிக்காமல் எனக்கு வாய் திறக்காது. தர்ஷினி, முழுப்பெயர் சிவதர்ஷினி, பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. ரயில்வேயில் டி.டி.ஆராக இருக்கும் குற்றாலநாதனின் மகள். குற்றாலநாதன் என் வீட்டுக்காரர். பெயர் சொல்லிக் கூப்பிடத் தைரியமில்லை, 'அத்தான்' என்று கொஞ்ச வயசில்லை. ஆகவே மனசுக்குள் டி.டி.ஆர்.தான். நாற்பத்தேழு வயதில், பதினாலு மாசத்துக்கு முன்னால், எனக்குக் கல்யாணம். அவருக்கு இரண்டாவது. முதல் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது.

அதுவரை மாமியாரைப் பார்க்காமலே மாமியார் ஜோக், புருஷன் இல்லாமலே புருஷன் ஜோக் சொல்லிப் பொன்னாடை வாங்கிக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்தன்று போட்டோவுக்கு நிற்கும்போது டி.டி.ஆரின் அக்கா செண்பகவல்லி மைனி, பிள்ளையின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். "அம்மான்னு கூப்புடுட்டி. எல்லாரும் கேக்கட்டும்." மண்டபமே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. பிள்ளை வாயை மூடினாள். போட்டோவிலும் மூடிய வாய்தான் விழுந்திருக்கிறது.

அன்றையிலிருந்து அவள் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அப்பாவிடம் பேசும்போது 'அவங்க'. என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பாள், நான் திரும்புகிற வரைக்கும். இப்போதெல்லாம் தாளிக்கும்போது கூட முதுகில் தெரிந்துவிடுகிறது.

எனக்கொன்றும் வருத்தமில்லை. ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது.

ஜனவரி 5, திங்கள்

டி.டி.ஆர். திருவனந்தபுரம் போய்விட்டார். புதன்தான் வருவார். இந்த வீட்டில் வாரத்தில் பாதி நாள் நானும் அவளும் சுவரும்தான்.

சாயங்காலம் அவள் அறை வாசலில் நான் போய் நின்றேன், அவள் பாணியில், முதுகுக்குப் பின்னால். டேப்லெட்டில் ஒரு தீவு, கட்டம் கட்டமான தென்னைமரம், கட்டம் கட்டமான கோழி.

"எனக்கும் சொல்லித் தாரியா?"

"எதுக்கு?"

"பட்டிமன்றத்துக்கு. உங்க ஸ்கூல்லதான்."

திரும்பிப் பார்த்தாள். "நீங்களா பேசப் போறீங்க? எங்க ஸ்கூல்லயா?" அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை என்று எழுத எனக்குப் பட்டிமன்ற அனுபவம் தேவையில்லை.

ஆனாலும் என் போனை வாங்கி அதே விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். ஆட்டக்காரருக்கு ஒரு பெயர் வேண்டுமாம். அவள் பெயர் ஷிவ்ஸ். எனக்கு அவளாகவே ஒன்று வைத்தாள்: டம்மிபீஸ்22.

"அப்ப எனக்கு முன்னால இருபத்தோரு டம்மிபீஸ் இருக்காவளா?"

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளோ, எரிச்சலையோ.

ஜனவரி 6, செவ்வாய்

டைரி ஆறைத் தொட்டுவிட்டது. எண்ணெய் கம்பெனி வாழ்க.

அவள் அறையில் அவள், கூடத்தில் நான். நடுவில் சுவர். ஒரே தீவில் எங்களுக்கு ஆளுக்கொரு குடிசை. ராத்திரி ஏழிலிருந்து எட்டு மணி வரை மட்டும் விளையாட அப்பாவின் அனுமதி, ஞாயிறென்றால் காலையிலும்.

நேற்றைக்கு இருபத்துநாலு துண்டு வேலி கொடுத்து, "கோழிக்குக் கூடு கட்டுங்க" என்று எழுதியிருந்தாள். ஆமாம், எழுதினாள். விளையாட்டுக்குள் எழுதிப் பேசலாம். ஆங்கில எழுத்தில் தமிழ். வாயைத் திறக்காத பிள்ளை அங்கே கொட்டுகிறாள்!

நான் பத்து நீளம், இரண்டு அகலம் வைத்துக் கட்டினேன்.

"ஐயோ, கோழிக்கு எதுக்கு ரயில் பெட்டி?" என்று எழுதினாள்.

"டி.டி.ஆர். வீட்டுக் கோழில்லா. டிக்கெட் கேக்கட்டும்."

சுவருக்கு அந்தப் பக்கம் 'க்ளுக்' என்று ஒரு சத்தம். பதினாலு மாசத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்.

அப்புறம் விளக்கினாள். பத்துக்கு இரண்டு என்றால் உள்ளே இருபது கட்டம். அதே இருபத்துநாலு வேலியில் ஆறுக்கு ஆறு போட்டால் முப்பத்தாறு. "சதுரமா போட்டா கோழிக்கு இடம் ஜாஸ்தி."

எட்டாம் வகுப்பில் பரப்பளவு வராமல் வெளியே முட்டிபோட்டவள் நான். முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு கோழி வந்து சொல்லிக்கொடுத்திருக்கிறது. பட்டிமன்றத்துக்கு முதல் பாயிண்ட் கிடைத்துவிட்டது.

ஜனவரி 8, வியாழன்

டி.டி.ஆர். ஊரில் இருக்கிறார். ரசம் நன்றாக இருந்தது என்றார். புளி போட மறந்திருந்தேன்.

இன்று ஓர் அதிசயம். விளையாட்டில் அவள் எழுதியது என் போனில் இப்படி வந்தது:

"###### இங்க வாங்க. பாலம் கட்டணும்."

ஆரம்பத்தில் கம்பி வேலி போட்டது மாதிரி குறுக்கும் நெடுக்குமாக ஆறு முள். கை தவறி அழுத்தியிருப்பாள் என்று விட்டுவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் மறுபடி:

"###### அந்தப் பக்கம் போகாதீங்க, கடல்ல விழுந்துருவீங்க."

விழுந்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

பண்டகசாலையில் பக்கத்து மேசை ஜெசிந்தாவிடம் போனைக் காட்டினேன். அவளுக்கு இரண்டு பையன்கள், விஷயம் தெரிந்தவள்.

"யக்கா, பிள்ளைங்க வெளாடுத கேம்லா. கெட்ட வார்த்த எழுதுனா அதுவா மறச்சிரும். அதான் இந்த முள்ளு."

"கெட்ட வார்த்தையா? வாங்க, போகாதீங்கன்னு மரியாதயாதானட்டி எழுதிருக்கா."

"மரியாதையா வையுதா போல."

எண்ணெய் வாங்க வந்தவருக்கு மூன்று லிட்டருக்குப் பதில் முப்பது என்று பில் போட்டேன்.

ஜனவரி 10, சனி

ஆறு முள் என்றால் ஆறு எழுத்து. குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி உட்கார்ந்து யோசித்தேன். 'சனியன்' ஆங்கிலத்தில் ஏழெழுத்து வருகிறது. 'மூதேவி' இன்னும் நீளம். 'பிசாசு' சரியாக ஆறு. 'எருமை' ஆறு. 'கிழவி'யையும் சிக்கனமாக எழுதினால் ஆறுதான்.

என் உருவத்தையும் நடையையும் வைத்துப் பார்த்தால் எருமைக்குத்தான் வாய்ப்பு அதிகம். சோதனை செய்துவிடுவோம் என்று நானே 'எருமை' என்று எழுதி அனுப்பினேன். மறைத்தால் அதுதான்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வாயாலேயே கேள்வி வந்தது. "யாரு எருமை?"

மறைக்கவில்லை! முழுசாகப் போயிருக்கிறது.

"நான்தான்," என்று கூடத்திலிருந்து கத்தினேன்.

பலத்த சிரிப்பு.

ஆக அந்தக் காவல்காரனுக்குத் தமிழ் வசவு தெரியாது. அப்படியானால் பிள்ளை என்னை ஆங்கிலத்தில் வைகிறாள். இங்கிலீஷ் மீடியத்துக்குக் கட்டின பணம் வீண் போகவில்லை.

ஜனவரி 12, திங்கள்

பாலம் முடிந்துவிட்டது. முப்பத்தாறு பலகை. பக்கத்துத் தீவுக்காரர்கள் யாரோ இரண்டு பிள்ளைகள், எந்த ஊரோ, மரம் கொடுத்தார்கள். இவள் பதிலுக்குப் பூசணி கொடுத்தாள். ஏமாற்றினால் நாளைக்கு யாரும் மரம் தர மாட்டார்கள் என்று எனக்குப் பாடம் வேறு. பண்டகசாலை மேனேஜரை இந்தத் தீவுக்கு ஒரு மாசம் அனுப்ப வேண்டும்.

பூசணிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது கேட்டாள்:

"###### எங்க ஸ்கூல்ல அந்த ஜோக் சொல்வீங்களா?"

"எந்த ஜோக்?"

"ருசி பசி."

பதினெட்டு வருஷமாக மேடையில் நான் சொல்லும் வரி. 'அம்மா ஊட்டினா ருசி, சித்தி ஊட்டினா பசி!' அந்த 'பசி'யில் குரலை இழுத்து வயிற்றைத் தடவிக் காட்டுவேன். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆகும். யூடியூபில் இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். வகுப்பில் யாரோ இவளிடம் காட்டியிருக்கிறார்கள்.

"அது சும்மா தொழிலுக்கு," என்று எழுதினேன்.

கோழி ஒன்று என் காலடியில் வந்து நின்றது. கட்டம் கட்டமான கண்ணால் பார்த்தது.

ஜனவரி 13, செவ்வாய்

இன்று அந்த ஆறு முள் வேலி ஏழு தடவை.

ஒன்று எழுத வேண்டும், யாரும் படிக்கப் போவதில்லை. அது வசவுதான். இருந்தாலும் என்னை மட்டும்தான் அப்படிச் சொல்கிறாள். பக்கத்துத் தீவுப் பிள்ளைகளை அவரவர் பெயரில்தான் கூப்பிடுகிறாள். ஏழு மணி ஆனால் எனக்குக் கை பரபரக்கிறது. இரண்டு விசிலிலேயே குக்கரை அணைத்துவிட்டேன். அரிசி பல்லில் கடிபட்டது. டி.டி.ஆர். அதையும் நன்றாக இருந்தது என்றார்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

செண்பகவல்லி மைனி வந்திருந்தாள். கரும்போடு சேர்த்து என்னையும் கடித்தாள்.

"பதினாலு மாசமாச்சு, இன்னும் அந்தப் பிள்ள ஒன்ன மொட்டையாத்தான பேசுதா? நீ மேடையில மட்டும் வாய் கிழிய பேசுத. வீட்டுல ஒரு பிள்ளைய அம்மான்னு சொல்ல வைக்க முடியல."

"அது அவ இஷ்டம் மைனி."

"என்ன இஷ்டம்? ஏட்டி தர்ஷினி, இங்க வா."

பிள்ளை வந்தாள். மைனி என்னைக் கை காட்டினாள். "இது யாரு?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். உதடு பிரிந்தது போல இருந்தது. நான்தான் அவசரப்பட்டு, "டம்மிபீஸ் இருபத்திரெண்டு," என்று சொல்லிவிட்டேன். மைனிக்குப் புரியவில்லை. பிள்ளை சிரிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அவளைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படித்தான் இருக்கும்.

ஜனவரி 18, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டி.டி.ஆர். பணிக்குப் போயிருந்தார். ஏழேகாலுக்குத் தீவில் சூரியன் மறைகிற நேரம். இரண்டு பேரும் பாலத்தில் நின்றுகொண்டிருந்தோம், அதாவது எங்கள் கட்டம் கட்டமான பொம்மைகள். வெகுநேரம் அவள் எழுதிக்கொண்டிருப்பதாக மூன்று புள்ளி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் வந்தது:

"கேம்ல மட்டும் இல்லாம வெளியிலயும் உங்கள ######னு கூப்பிடவா?"

வெளியிலா? பள்ளிக்கூடத்திலா? மைனி முன்னாலா? விளையாட்டு விளையாட்டாக இருந்தவரை சரி. வளர்க்கிறவள் என்று ஒரு பொறுப்பு இருக்கிறதே. நாளைக்கு இவள் வாயில் அந்த வார்த்தையைக் கேட்டால் ஊர் யாரைச் சொல்லும்?

எழுதினேன்: "கூப்பிடாதே. அது தப்பான வார்த்தை. வெளியிலயும் வேண்டாம், கேம்லயும் வேண்டாம்."

மூன்று புள்ளி கொஞ்சநேரம் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

"சரி," என்று வந்தது.

கண்டிப்பாக இருந்தது நல்லதுதான். நல்லதுதான்.

ஜனவரி 19, திங்கள்

வேலி இல்லை. ஒன்றுமே இல்லை.

ஜனவரி 22, வியாழன்

ஆண்டு விழாவுக்கு நடன ஒத்திகை என்று தாமதமாக வருகிறாள். வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுகிறாள். தீவுக்கு வருவதே இல்லை. நான் மட்டும் ஏழு மணிக்குப் போய் இரண்டு பேர் கோழிக்கும் தீனி போட்டுவிட்டு வருகிறேன். என் பேச்சு போய்ச் சேருவதில்லை. 'இவர் உங்கள் செய்திகளைப் பெறவில்லை' என்று வருகிறது. வாயை அடைத்துவிட்டாளாம். பதினெட்டு வருஷத்தில் எந்த நடுவராலும் மணியடித்துக்கூட முடியாத காரியம்.

சமையலறையில் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பினேன். அரிசி டப்பா.

ஜனவரி 24, சனி

ஐயம்பெருமாள் ஐயா பாயிண்ட் கேட்டார். கோழிக்கூடு, பலகைக் கணக்கு, பண்டமாற்று, பொறுமை, இங்கிலீஷ் என்று ஒப்பித்தேன். "பிரமாதம்மா. ஜோக்கு?" என்றார். "இருக்கய்யா," என்றேன்.

எனக்கு வசவு கேட்க வேண்டும் போலிருக்கிறது. இதை யாரிடம் சொல்வது!

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு டேப்லெட் சார்ஜ் இல்லாமல் முனகிக்கொண்டு கிடந்தது. வயரைச் சொருகினேன். திரை விழித்தது. அவள் பக்கத்துப் பேச்சுப் பெட்டி திறந்தபடி இருந்தது.

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறேன், கல்லிடைக்குறிச்சியில். படித்தேன்.

அவள் திரையில் முள் இல்லை. வேலி இல்லை. நான் வேலியாகப் பார்த்த இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. எஸ், ஹெச், ஐ, டி, ஹெச், ஐ.

ஷிதி? என்ன வசவு இது? வாய்விட்டுப் படித்தேன். "ஷித்தி இங்க வாங்க. பாலம் கட்டணும்." இன்னொரு தடவை படித்தேன். "ஷித்தி அந்தப் பக்கம் போகாதீங்க."

அடுக்களையில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அவள் பெயரே ஆங்கிலத்தில் 'ஷிவ' என்றுதான் தொடங்கும். பிறப்புச் சான்றிதழிலேயே அப்படித்தான். 'சி' என்றால் அவளுக்கு எஸ், ஹெச், ஐ. சித்தியையும் அப்படியே எழுதியிருக்கிறாள். முதல் நாலு எழுத்தைப் பிரித்து வாசித்தால் இங்கிலீஷில் அது காலைக்கடன். கேம்காரனின் காவல்காரன் அந்த நாலைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு மொத்தச் சொல்லுக்கும் வேலி அடைத்துவிட்டான். எழுதினவள் திரையில் மட்டும் சொல் முழுசாக இருக்கிறது. நான் படித்துவிட்டேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல், வேண்டாமென்றும் சொல்லாமல், வருகிறாளே என்று.

'ஷித்தி எங்க ஸ்கூல்ல அந்த ஜோக் சொல்வீங்களா?' அந்த ஜோக்கைக் கேட்ட பிறகும் அதே வார்த்தை.

பதினெட்டாம் தேதிக்கு வந்தேன்.

'கேம்ல மட்டும் இல்லாம வெளியிலயும் உங்கள ஷித்தினு கூப்பிடவா?'

அதற்குக் கீழே என் பதில். அது தப்பான வார்த்தை. வெளியிலயும் வேண்டாம், கேம்லயும் வேண்டாம்.

அதற்குக் கீழே, 'சரி'.

பண்டகசாலைக்கு லீவு சொன்னேன். வயிற்றுவலி என்றேன்.

ஜனவரி 28, புதன்

மூன்று தடவை அவள் அறை வாசல் வரை போனேன். பத்தாயிரம் பேர் முன்னால் மைக் இல்லாமலே பேசியவள். முதல் தடவை, "பால் வேணுமா?" என்றேன். இரண்டாம் தடவை, "யூனிபார்ம் அயர்ன் பண்ணணுமா?" மூன்றாம் தடவை அவளே, "எதுவும் வேண்டாம்," என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்னால்.

டேப்லெட்டைப் பார்த்தேன் என்று சொன்னால் ஒளிந்து பார்த்ததாக ஆகும். சொல்லாவிட்டால் என் பதில் அப்படியே நிற்கும். எழுதிச் சொல்லலாம் என்றால் விளையாட்டில் என் வாயை அடைத்திருக்கிறாள். திறந்தாலும் அந்த வார்த்தை அவள் எழுத்தில் வேலியாகத்தான் வரும்.

கல்லுக்கு யார் வேலி போடுவார்கள்?

ஜனவரி 29, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்து தீவுக்குப் போனேன். அவள் குடிசை வாசலுக்கு நேர் எதிரே கடற்கரையில் இடம் பார்த்தேன். செங்கல்லை அடுக்கி எழுத்து. தமிழ் எழுத்து.

இது சதுரம் மட்டுமே தெரிந்த உலகம். நம் எழுத்தோ வளைந்து நெளிந்து, தலைக்கு மேல் சுழி வேறு சுற்றும். 'சி'யின் சுழி கடலுக்குள் போய்விட்டது. இடித்தேன். ஒன்பது கட்ட உயரம் போதவில்லை, பதினொன்று வேண்டும். தாளில் கட்டம் போட்டு எண்ணிக்கொண்டேன். ஜெசிந்தா எட்டிப் பார்த்து, "என்னக்கா, கோலமா?" என்றாள்.

"கணக்குப் பாடம்," என்றேன். பொய்யில்லை.

ஜனவரி 30, வெள்ளி

செங்கல் தீர்ந்துவிட்டது. கடைசி எழுத்தின் பாதியைப் பூசணிக்காய் வைத்து முடித்தேன். மொத்தம் இருநூற்றுப் பதினாறு. தூரத்திலிருந்து பார்த்தால் படிக்க முடிகிறது. பக்கத்தில் போனால் பூசணிக்கடை.

அவள் இன்னும் தீவுக்கு வரவில்லை. ஒத்திகை.

ஜனவரி 31, சனி

ஆண்டு விழா. மூன்றாவது வரிசையில் அவள், நடன ஒப்பனையோடு, கன்னத்தில் வட்டமாகச் சிவப்புப் பூசி. பக்கத்தில் வகுப்புப் பிள்ளைகள். ஒருத்தி அவளிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். வயிற்றைத் தடவிக் காட்டினாள். ருசி பசி.

எதிரணியில் மைதானத்துக்குப் பேசிய தளவாய் கபடி, வியர்வை, ஒற்றுமை என்று வெளுத்துக்கட்டினார். என் முறை வந்தது. பரப்பளவு தெரியாமல் முட்டிபோட்ட கதையைச் சொன்னேன். கோழிக்கு ரயில் பெட்டி கட்டியதைச் சொன்னேன். அதே வேலியில் சதுரம் கட்டினால் இடம் அதிகம் என்று சொன்னபோது கணக்கு வாத்தியார் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். கடலில் விழுந்ததைச் சொன்னேன். பிள்ளைகள் கூச்சல்.

"மைதானத்துல விழுந்தா முட்டி பேருதுன்னாரு தளவாய் அண்ணாச்சி. கேம்ல நான் எட்டு தடவ கடல்ல விழுந்தேன். எட்டு தடவையும் ஒரு பிள்ள, திட்டாம, பக்கத்துல வந்து நின்னு, மறுபடியும் வாங்கன்னு சொல்லிச்சு. நமக்கு எந்த வாத்தியாரு அப்படிச் சொன்னாரு?"

வாத்தியார்கள் பக்கம் அமைதி. பிள்ளைகள் பக்கம் கூரை பறந்தது.

ஐயம்பெருமாள் ஐயா குஷியாகிவிட்டார். மைக்கை இழுத்து, "ஆவுட, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காவ. அந்த ருசி பசியச் சொல்லிட்டு உக்காரு," என்றார்.

கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தலை வகிடு மட்டும் தெரிந்தது. காலையில் நான் எடுத்த வகிடு, கொஞ்சம் கோணல்.

"அந்த ஜோக்குல ஒரு தப்பு இருக்குய்யா," என்றேன்.

"என்ன தப்பு?"

"பதினெட்டு வருசமா, ஒரு வாய் கூட ஊட்டிப் பாக்காமலே சொல்லிட்டேன்."

யாரோ ஒருவர் சிரித்தார், ஜோக்கு இனிமேல்தான் வரும் என்று நினைத்து. வரவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். ஐயா மணியை அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் லேசாக ஒரு தட்டுத் தட்டினார்.

தீர்ப்பு மைதானத்துக்கு.

ஆட்டோவில் வரும்போது அவள் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஆசுபத்திரி நிறுத்தம் தாண்டியதும் பேசினாள்.

"அந்தக் கோழிக்கூடு ஐடியா என்னோடதுதான?"

"ஒன்னோடதுதான்."

"என் பேரச் சொல்லலையே."

"சொல்லலாமான்னு தெரியல."

வெளியே பார்த்துக்கொண்டு, "சொல்லியிருக்கலாம்," என்றாள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

டி.டி.ஆர். இருக்கிறார். காலையில் இட்லிக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் டேப்லெட்டின் ஆரம்ப இசை கேட்டது. தீவுக்குப் போகிறாள். மிக்ஸியை நிறுத்தினேன். ஓடவிட்டேன். நிறுத்தினேன்.

"கரண்ட் கட்டா?" என்றார் டி.டி.ஆர்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ரொம்ப நேரம். சிரிப்பு வரவில்லை, காலடி வரவில்லை. சட்னிக்கு இரண்டாம் தடவை உப்புப் போட்டேன்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு, குளிக்கப் போகிற சாக்கில் போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். தீவு திறந்தது. கடற்கரையில் என் எழுத்துகள் அப்படியே நின்றன. யாரும் இடிக்கவில்லை. ஆனால் நடுவில் ஏதோ புதிதாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன்.

பதினெட்டு வருஷம் தமிழ் மேடையில் முழங்கியவள், இருநூற்றுப் பதினாறு கல் அடுக்கி, 'சிததி' என்று எழுதியிருக்கிறேன். நடு எழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. அந்த எழுத்தின் தலைக்கு மேல் இப்போது ஒரே ஒரு கல், தனியாக, சரியான இடத்தில்.

இருநூற்றுப் பதினேழு.

போன் அதிர்ந்தது. பேச்சுப் பெட்டியைத் திறந்திருக்கிறாள்.

"###### புள்ளி வைக்க மறந்துட்டீங்க."

ஸ்பெல்லிங்கை மாற்றி எழுதச் சொல்லலாம். ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் வேலி போய்விடும். சொல்லப் போவதில்லை. ஆறு முள்ளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன்.

அப்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. திரும்பவில்லை. இந்த ஒரு தடவை அவள் கூப்பிடட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.